ஆற்றுக்குப் பாவாடை கட்டியவர்

நேசையனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் வேறு யார் எழுதப் போகிறார்கள்? அவருக்கு வேலை போன கதையைத் திருவல்லத்தில் எல்லோரும் தப்பாகத்தான் சொல்கிறார்கள். தப்பாகச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அவர் பாறசாலைக்காரர். இளவயதில் கரமனையாற்றில் முங்கி மணல் வாரினார். அதற்குத் தடை வந்தபிறகு கிடைத்த கூலிவேலைக்கெல்லாம் போனார். கடைசியில் அதே ஆற்றில் திருவல்லத்தில் பாலம் கட்ட வந்த ஒரு கம்பெனியில் திரைக்குக் காவலாளாகச் சேர்ந்தார். தூணுக்குத் தோண்டுகிற இடத்தைச் சுற்றித் தண்ணீரில் தொங்கும் திரை அது. மேலே மிதவை, அடியில் சங்கிலி, நடுவே கனத்த துணி. சேறு ஆற்றோடு போகாமல் அதற்குள்ளேயே படிந்துவிடும். கம்பெனிக் காகிதத்தில் ‘சில்ட் கர்ட்டன்’. நேசையனுக்கு அது பாவாடை. தினமும் விடிந்ததும் பாவாடையைப் பிடிக்க ஓடுகிற மனுஷன் என்று அவர் மனைவி சரசம்மா கேலி செய்வாள்.

வேலையில் மனிதர் கெட்டி. இரண்டு ஊறுகாய் பாட்டில்களில் திரைக்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் மொண்டு வெயிலில் பிடித்துப் பார்ப்பார். வெளித்தண்ணீர் கலங்கியிருந்தால் வள்ளத்தில் துடுப்புப் போட்டுச் சுற்றிவந்து, கிழிசலைக் கண்டுபிடித்து, நைலான் நூலால் தைத்துவிடுவார். அதில் சொந்தக் கவலையும் உண்டு. ஆற்றில் கால் மைல் கீழே சரசம்மா கூண்டு கட்டிக் கரிமீன் வளர்த்துவந்தாள். கிறிஸ்துமஸுக்குப் பிடிக்க வேண்டிய மீன். சேறு செவுளில் அடைத்தால் அத்தனையும் போச்சு.

நான் வெங்கடேஸ்வரன், அங்கே சூப்பர்வைசர், வலியசாலையில் வீடு. மற்றவர்கள் எல்லோரும் மலையாளம் பேசுகிற சைட்டில் தமிழ் பேச எனக்கு நேசையனும் அவருக்கு நானும்தான். சாப்பாட்டு வேளையில் என் அக்ரஹாரத் தமிழைக் கேட்டு அவர் சிரிப்பார், அவர் பேச்சைக் கேட்டு நான் சிரிப்பேன். அந்த அரை மணி நேரத்துக்காகவே சைட்டுக்குப் போன நாட்கள் உண்டு.

டிசம்பரில் திரை தைக்க முடியாத அளவுக்குக் கிழிந்தது. அவர் லீவில் இருந்த ஒரு நாள் புதுசு வந்து இறங்கியது. ஷெட்டில் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன். அவரிடம் சொல்ல மறந்துபோனேன். மறுநாள் ஆபீசிலிருந்து போன் செய்தேன்.

“நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். அந்தக் கிழிஞ்ச திரையை மாத்திடுங்கோ.”

“மாத்தி எங்க வைக்கணும் ஸாரே?”

கரையில் போடச் சொன்னேன். புதுசைக் கட்டியபிறகு பழையதை எங்கே போடுவது என்று கேட்கிறார் என நினைத்தேன். தோண்டுகிற வேலையைப் பற்றி அவர் ஏதோ கேட்க ஆரம்பித்தார். மீட்டிங் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.

எங்கள் தெருவில் மாத்து என்றால், ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வை. அவர் ஊர்ப்பக்கத்தில் மாத்து என்றால், எடுத்து அப்புறப்படுத்து. மலையாளத்திலும் அப்படித்தான். முப்பது வருஷம் மலையாளத்தில் உத்தியோகம் பார்த்த மடையனுக்கு இது தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் புத்தியில் படவில்லை.

திரையைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு, தோண்டுவதை நிறுத்தும்படி மண் தோண்டும் வண்டியை ஓட்டுகிறவனிடம் நேசையன் கெஞ்சியிருக்கிறார். ஸார் சொல்லாமல் நிறுத்த முடியாது என்றானாம் அவன். எனக்கு மூன்று தடவை போன் செய்தார். மீட்டிங்கில் நான் எடுக்கவில்லை. சாயங்காலம் ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது.

மறுநாள் காலையில் கூண்டு முழுக்க மீன் வயிறு மேலாக மிதந்தது. சரசம்மா ஒன்றை எடுத்து, கட்டைவிரலால் செவுளைத் திறந்து பார்த்தாள். உள்ளே சேறு அப்பியிருந்தது. நான் பக்கத்தில் நின்றதை அவள் கவனிக்கவே இல்லை.

“நீங்க காவலு நின்ன ஆறுதானே இது?” என்று புருஷனிடம் கேட்டாள்.

கம்பெனி விளக்கம் கேட்டது. இங்கிலீஷில் எழுதினேன். வேறு திரை போடச் சொன்னேன், அவர் தன்னிஷ்டத்துக்கு அகற்றிவிட்டார் என்று. இங்கிலீஷில் அவை இரண்டும் வேறு வேறு சொற்கள், எனக்கு வசதியாகப் போயிற்று. ஷெட்டில் புதுசு கிடந்ததை அவருக்குச் சொல்லாததையும், மூன்று தடவை போன் வந்ததையும் எழுதவில்லை. நான் நீட்டிய காகிதம் என்பதால், என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்காமல் நேசையன் கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள்.

போன மாதம்தான் அவர் வீட்டுக்குப் போகத் துணிச்சல் வந்தது. கூண்டுச் சட்டங்கள் சுவரில் சாய்ந்து கிடந்தன. காகிதத்தில் இருந்ததையும் இல்லாததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். திருத்தி எழுதிக்கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சரசம்மாவிடம் திரும்பி, சாருக்குச் சாயா போடு என்று அவர் தமிழில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து மலையாளத்தில், “அது போட்டெ ஸாரே” என்றார், அது போகட்டும் என்று. கிளம்பும்வரை என்னிடம் மலையாளமே பேசினார்.