லாச்சப்பலில் கை நீட்டாத பிள்ளை

பாரிசின் தமிழ்க்கடைத் தெருவான லாச்சப்பலில் இறங்கியதும் என் மகள் ஆரபி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். ஐந்து வயதுப் பிள்ளை பாடசாலை பார்க்க வந்த அதிகாரியைப் போல நடப்பதைக் கண்டு கடைக்காரர்கள் சிரிப்பார்கள். அது விளையாட்டல்ல, நான் பழக்கியது. நாங்கள் இருக்கிற புறநகர் ஸ்தேனிலிருந்து ரயிலில் வந்து, சனிக்கிழமைச் சனத்துக்குள் நுழைய முன், "கை எங்கை?" என்று கேட்பேன். அவள் பின்னால் கொண்டுபோவாள். பிறகு என் பைக்குள் கைவிட்டு, ஊசிப் பேனா இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். மூச்சு அடைத்தால் தொடையில் குத்துகிற மருந்து அது. இருக்கும். ஆனாலும் இன்னொரு முறை பார்ப்பேன்.

ஊரிலிருந்து பாரிசுக்கு வருகிறவர்களை ஈஃபிள் கோபுரத்துக்கு முன்னரே நாங்கள் இந்தக் கடைகளுக்குத்தான் கூட்டி வருவோம். வாசலில் முருங்கைக்காயும் கீரைக்கட்டும், உள்ளே கருவாட்டு மணமும், கண்ணாடிப் பெட்டிக்குள் சூடான வடையும் ரோல்சும். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. தாயோடு வருகிற பிள்ளை வெறுங்கையோடு திரும்பக்கூடாது. கடைக்காரரோ பக்கத்தில் நிற்பவரோ எதையாவது பிள்ளையின் கையில் வைத்துவிடுவார்கள். தாயிடம் கேட்டுவிட்டுக் கொடுப்பது பிரெஞ்சுக்காரர் பழக்கம். நாங்கள் கேட்பதில்லை. மறுத்தால் கொடுத்தவரின் முகம் வாடிவிடும்.

ஆரபிக்கு இரண்டு வயதாக இருந்தபோது அப்படித்தான் ராணியக்கா ஓர் எள்ளுருண்டையைக் கொடுத்தார். ராணியக்கா வேறு யாருமல்ல. என் பிள்ளைப்பேற்றின்போது, பக்கத்தில் தாயில்லாத எனக்குப் பத்தியச் சரக்கு முழுவதையும் தன் கடையிலிருந்து தேடிக் கட்டித் தந்தவர். பிள்ளை பாதி உருண்டையைத் தின்று முடிப்பதற்குள் உதடு வீங்கி, முகம் தடித்து, மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. அம்புலன்சுக்கு அடித்ததும் ராணியக்காதான். நான் கத்திக்கொண்டு நின்றேன்.

வீட்டில் எள் பாவிப்பீர்களா என்று மருத்துவர் கேட்டார். சமையலுக்கும் தலைக்கும் நல்லெண்ணெய்தான் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எள்ளை முற்றாக விடவேண்டும், 'எக்சொதிக்' உணவுகளிலும் கவனம் என்றார். தூர தேசத்துச் சாப்பாட்டைச் சொல்கிறார் என்று விளங்கிக்கொண்டு, நத்தையையும் பூஞ்சணம் பிடித்த சீஸையும் நாங்கள் தொடுவதே இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். அவர் குழம்பிப்போனார். உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்த என் கணவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "அவ எங்கடை சாமானைத்தான் சொல்லியிருக்கிறா."

அதன்பின் சில மாதங்கள் பெரிய பிரெஞ்சுக் கடைகளிலேயே சாமான் வாங்கினேன். அங்கே ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே இருப்பது தடித்த எழுத்தில் இருக்கும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. யாரும் என்னோடு பேசுவதுமில்லை. அது தாங்காமல் மறுபடியும் லாச்சப்பலுக்கே வந்தேன். எங்கள் கடைகளில் மூட்டையிலிருந்து அள்ளிக் கட்டிய பைகள். எள் அள்ளிய கரண்டியால் பருப்பையும் அள்ளியிருப்பார்களா? கேட்டால் குற்றம் சாட்டுவது போலாகும். ஒருமுறை கேட்டேன். "என்ரை கையாலை குடுத்து எத்தினை பிள்ளையள் வளர்ந்திருக்கு," என்றார் ராணியக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண், அது கண்ணூறு, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னக் குடுத்தால் பழகிவிடும் என்றார். படித்தவள்தான் நான். ஆனாலும் வீடு வரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

போர் முடிந்த 2009 இல் வன்னியிலிருந்து முகாமுக்கு வந்த நாட்களில், கம்பிவேலிக்கு அப்பால் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண் எங்களுக்கு ஒரு பணிஸ் ரொட்டி நீட்டினாள். வாங்கித் தம்பிக்குப் பாதி கொடுத்தேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. தெரியாதவர்கள் நீட்டிய கைகளால் உயிரோடு இருப்பவள் நான். என் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுத்ததோ, எங்கள் ஆட்கள் நீட்டினால் வாங்காதே என்பது. இது சரியா என்று என்னையே கேட்பேன். உடனே அந்த வீங்கிய உதடு கண்ணுக்குள் வரும்.

போன சனிக்கிழமை ராணியக்காவின் கடையில் ஒரு பெரியவர், தான் வாங்கிய பையைப் பிரித்து ஆரபியிடம் ஓர் எள்ளுருண்டையை நீட்டினார்.

"இந்தா குஞ்சு, வெக்கப்படாமல் வாங்கு."

அவள் கையை எடுக்காமல், "நோன் மெர்சி. சே தான்ஜெரூ," என்றாள்.

"என்னவாம் பிள்ளை?" என்று பெரியவர் என்னைக் கேட்டார்.

ஆபத்தாம் என்று அந்த முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? வயிறு நிறைஞ்சிருக்காம் ஐயா என்றேன். பெரியவர் திருப்தியோடு போய்விட்டார். ஆனால் பிரெஞ்சு தெரிந்த ராணியக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். திரும்பிக் கடையின் பின்பக்கம் போனார். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்து, வாசலில் தொங்கிய குலையிலிருந்து ஒரு கதலிப்பழத்தைப் பிய்த்தார்.

"இது தோலோடை இருக்கு, செல்லம். இதுக்குள்ளை ஒருதரும் ஒண்டும் போடேலாது."

ஆரபி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாமோ, ஓம் எண்டு சொல்லுறியா?" என்று, 'அம்மா'வைப் பிரெஞ்சிலும் மீதியைத் தமிழிலுமாகக் கேட்டாள். கைகள் பின்னாலேயே இருந்தன. பழத்தைப் பிடித்த அந்தக் கை எள்ளு மூட்டைக்குள் போன கை என்று ஒரு மனம் சொன்னது. கழுவிய கை என்று மற்றது சொன்னது. ராணியக்கா பழத்தை நீட்டியபடியே நின்றார். வரிசையில் நின்றவர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஓம்," என்றேன். "வாங்கு."

தோலை நானே உரித்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக் கடித்தாள். ராணியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளின் சாமானை நிறுக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். ஆனால் பழத்துக்கு ஆரபியின் ஒரு கை மட்டும்தான் முன்னுக்கு வந்தது. மற்றது முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. என்னுடைய ஒரு கையும் பைக்குள், அந்த ஊசிப் பேனாவைப் பிடித்தபடியே இருந்தது.