படிவத்தில் எழுதாத புகை

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் அந்தக் காலத்திலேயே ஒரு விமானக் கம்பெனியின் டிக்கெட் ஆபீஸ் இருந்தது என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கம்பெனிக்கு இருந்தவை இரண்டே விமானங்கள். இரண்டும் பட்டாளம் கழித்துக் கட்டியவை. நான் அங்கே குமாஸ்தா. வாரம் இரண்டு முறை பயணிகளை வேனில் ஏற்றிக்கொண்டு, யுத்தத்துக்காகக் கயத்தாறில் போட்ட ஓடுதளத்துக்குப் போவேன். காயல்பட்டினத்து வியாபாரிகள்தான் அதிகம். வேன் கிளம்பியதும் தூங்கிவிடுவார்கள். விமானத்தைக் கண்டதும் விழித்து ஓதத் தொடங்குவார்கள்.

ஓடுதளத்தில் எங்களுக்கென்று இருந்த ஒரே ஆள் ஓர் அக்கா. புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். பட்டாளம் விட்டுப்போன தகரக் கொட்டகையில் குடியிருந்தாள். வேலை இருக்கும்வரை கொட்டகை அவளுக்கு என்று பேச்சு. விமானம் வரும் நேரம் பார்த்து ஆடு மாடுகளை விரட்டிவிட்டு, பனையோலையில் தண்ணீர் தெளித்துக் கொளுத்துவாள். வெள்ளைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மேலிருந்து பார்த்து, காற்றுக்கு எதிராக விமானி இறங்குவார். காற்றின் திசையைக் காட்டவென்று கம்பத்தில் ஒரு துணிப்பை இருக்கத்தான் செய்தது. அது நைந்து கிழிந்து பல நாளாகிவிட்டது. எங்கள் விமானி அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. இறங்கியதும் அவளுக்குத்தான் ஒரு சலாம் போடுவார்.

பிறகு ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கிவிட்டது. சென்னையிலிருந்து ஓர் அதிகாரி கட்டுக் கட்டாக அச்சடித்த படிவங்களோடு வந்தார்.

“உங்க ஸ்டேஷன்ல எது எது எப்படி நடக்குதோ எல்லாத்தையும் எழுதுங்க. இதுல இருக்கிறதுதான் இனிமே இருக்கும்” என்றார்.

காற்றின் திசையை எப்படிக் காட்டுகிறீர்கள் என்று ஒரு கட்டம். நான் தோணிக்காரன் மகன். பாய் விரிக்கும் முன் கரையில் அடுப்புப் புகை எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொள்ளும் அப்பாவுக்குப் பிறந்தவன். எனக்குத் தெரியாதா புகையின் அருமை? ஆனாலும் பேனா ஓடவில்லை. ரேடியோவும் மின்விளக்கும் வைத்திருக்கும் கம்பெனியிடம் போய், பனையோலை கொளுத்த ஒரு பொம்பளை வைத்திருக்கிறோம் என்று எழுதுவதா? சிரிக்கமாட்டார்களா? ‘துணிப்பை, நல்ல நிலையில்’ என்று எழுதினேன். ஓடுதளத்து ஆட்கள் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டேன். அப்புறம் சொல்லி அவளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் வேறு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு பட்டியல்கள் வந்தன. வைத்துக்கொள்ளும் ஆட்கள் ஒன்றில், அனுப்பிவிடும் ஆட்கள் இன்னொன்றில். முதல் பட்டியலில் நான் இருந்தேன். அவள் இரண்டிலும் இல்லை.

“தம்பி, என்னையப் பத்தி என்ன போட்டிருக்காவ?”

“இன்னும் வரலக்கா. வரும்.”

“கொட்டகைய விடச் சொல்லுவாவளோ? வயசுக்கு வந்த பிள்ளைய வச்சிக்கிட்டு எங்கன போவேன்?”

“அதெல்லாம் சொல்லமாட்டாவ” என்றேன். பெரிய கம்பெனியின் முதல் விமானம் வரும் நாளில் மட்டும் வெளியே தலைகாட்ட வேண்டாம் என்றும் சொல்லி வைத்தேன்.

அன்று உச்சி வெயில். கச்சான் காற்று மேற்கிலிருந்து மண்ணை வாரி இறைத்தது. அதிகாரி என் பக்கத்தில் நின்றார். விமானம் ஒரு சுற்றுச் சுற்றியது, மறுபடியும் சுற்றியது. துணிப்பை கம்பத்தில் சுற்றிக்கொண்டு கிடந்தது.

“நல்ல நிலையில்னு எழுதியிருந்தீங்களேய்யா?” என்றார் அதிகாரி.

நான் கம்பத்தைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் ஓடுதளத்தின் ஓரத்தில் வெள்ளைப் புகை எழும்பிக் கிழக்கே சாய்ந்தது. விமானம் திரும்பி வந்து பூப்போல இறங்கியது.

அதிகாரி விடுவிடென்று அங்கே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் கையெல்லாம் கரியோடு நின்றாள்.

“பெட்ரோல் வைக்கிற இடத்துல நெருப்பா? யாருய்யா இந்தப் பொம்பளை?”

படிவத்தில் நான் எழுதிய ‘இல்லை’ எனக்கு முன்னால் உயிரோடு நின்றது. “தெரியல சார்” என்றேன்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

“ஆடு மேய்க்க வந்தவ சாமி. குளிருச்சு, தீ மூட்டுனேன்” என்றாள், அந்த வெயிலில். பிறகு காலாலேயே மண்ணைத் தள்ளி நெருப்பை மூடினாள்.

கொட்டகையைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தை அடுத்த வாரம் என்னையே எழுதச் சொன்னார்கள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் வாசித்துக் காட்டவும் நானே போனேன். மூட்டைகளைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். கடிதத்தைப் பிரிக்கும் முன்பே, “வேண்டாம் தம்பி, தெரியும்” என்றாள். மூத்தவளும் இளையவளும் ஆளுக்கொரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டார்கள்.

சில மாதங்களில் பெரிய கம்பெனி கயத்தாறையே கால அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டது. என்னைத் தூத்துக்குடி ஆபீஸைப் பூட்டிச் சாவியை அனுப்பச் சொன்னார்கள்.

எங்கே போகிறாய் என்று, மூட்டை கட்டிய அன்று அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.