சீதாலெட்சுமி போட்ட உப்பு

பிரிக்ஃபீல்ட்ஸ் சந்துக் கோயிலில் வெள்ளிக்கிழமைச் சுண்டல் என்றால் சீதாலெட்சுமி கைதான். கல்யாணமாகிக் கிள்ளானிலிருந்து வந்த நாள்முதல் கரண்டி அவளிடம். மற்ற நாளில் ரயில் ஸ்டேஷனில் தரை துடைப்பாள், அங்கே அவள் பேர்கூட யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை மட்டும் பெரிய ஆள்.

படையலுக்கு முன் ருசி பார்க்கக் கூடாது, மோந்தும் பார்க்கக் கூடாது. ஆனால் ஆவி தானாக வந்து மூக்கில் ஏறினால்? மூச்சைப் பிடித்துக்கொண்டா கிண்ட முடியும்? அந்த ஆவியை வைத்துத்தான் உப்பைச் சரிபார்ப்பாள். சாமியும் கண்டுக்கவில்லை.

போன மாதக் காய்ச்சல் மூக்கையும் நாக்கையும் வாரிக்கொண்டு போய்விட்டது. மல்லிகையும் பினாயிலும் ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை. கைப்பழக்கத்தில் உப்பு போட்டாள்.

"அள்ளிக் கொட்டிட்டியா?" என்றார் புருஷன் நாகையா.

"உப்பே இல்லலா அக்கா," என்றான் இக்னேஷியஸ். பக்கத்து அடுக்குமாடியில் ஜாகா, வாசலில் காவல் வேலை, சர்ச்சுக்குப் போகிறவன், சுண்டலுக்கு மட்டும் கோயிலுக்கு வருவான்.

"எனக்குச் சரியாத்தான் இருந்திச்சும்மா," என்றார் கோயில் தலைவர் ரெங்கசாமி. "ஆனா ஆளுக்கொண்ணு சொல்றாங்களே. அடுத்த வாரமும் இப்படின்னா கரண்டிய பூக்கட்டுற சந்திரகலாகிட்ட குடுத்துரலாம்."

ஒரே சட்டி, ஒரு கை உப்பு. மூணு வாய்க்குள் போய் மூணு சுண்டலாகிவிட்டது. அப்போ சட்டிக்குள் இருந்தது எது? மாப்பைப் பிழியும்போதும் அதே யோசனை. நாகையாவைக் கேட்டாள்.

"பிரஷருக்கு உப்பில்லாமத் தின்னுற வாய்கிட்ட வந்து கேக்குறியே," என்றார்.

அடுத்த வெள்ளி, கிண்டும்போது மணம் வந்தது! தேங்காய், கறிவேப்பிலை, அளவான உப்பு. கண் கலங்கிவிட்டது.

"அதே கைம்மா!" என்று ரெங்கசாமி ரெண்டாவது தட்டு வாங்கினார்.

சாமான் எடுத்து வைக்கும்போதுதான் பார்த்தாள். பழைய உப்புப் பொட்டலம் போன வாரமே காலி. புதுசு பிரிக்காமல் இருந்தது. மணத்தை நம்பி இன்றைக்கு உப்பே போடவில்லை.

அப்போ மூக்கில் வந்தது என்ன?

இக்னேஷியஸ் தட்டோடு நின்றான்.

"நீ சொல்லு. உப்பு?"

மென்றான். அவள் முகத்தைப் பார்த்தான். "சூப்பர்லா."

"போன வாரம் இல்லன்னியே?"

"சும்மா கலாய்ச்சேன். நல்லாத்தான் இருந்திச்சு."

பொட்டலத்தைக் காட்டினாள். மெல்லுவது நின்றது.

"மூக்கு போயிருச்சு தம்பி. தலைவர்கிட்ட சொல்லிடப் போறேன்."

சொன்னாள். ரெங்கசாமி பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காலித் தட்டைப் பார்த்தார். "அப்ப நான் ருசிச்சுத் தின்னது?" தட்டைக் கீழே வைத்தார். "அடுத்த வாரமும் நீயே செய்யும்மா. நான் கொஞ்சம் யோசிக்கணும்."

வெளியே இக்னேஷியஸ் காத்திருந்தான். "அக்கா, மோந்து பாக்கக் கூடாதுன்னு சாமி உங்களுக்குத்தானே சொல்லிருக்கு? எனக்கு இல்லயே."

அடுத்த வெள்ளி, மடப்பள்ளி ஜன்னலில் ஜாகா தொப்பி.

"உப்பு?"

கண்ணை மூடி மூச்சை இழுத்தான். "கொஞ்சம் கொறச்சல்."

உப்பை அள்ளின கை சட்டிக்கு மேலே நின்றது. கலாய்க்கிறானா? ஆவிக்கு அந்தப்பக்கம் அவன் முகம் சரியாகத் தெரியவில்லை.

போட்டாள்.