தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

மெல்பர்ன் நகரத்தின் ஓரத்தில் கூப்பர்ஸ் ஃபிளாட் என்ற ஊருக்கும் ஆர்டன்லீக்கும் நடுவில் ஒரு ரயில் பாதைதான். இந்தப் பக்கம், கூப்பர்ஸ் ஃபிளாட்டில், ஒரு மரப்பலகை வீட்டில் கல்யாணமாகி வந்த கார்மென் ஜமிட், அந்தப் பக்கத்துக்கு ஆசைப்பட்டே தலை நரைத்தவள்.

சனிக்கிழமையானால் ஆர்டன்லீயில் விற்பனைக்குத் திறந்துவிட்ட வீடுகளைப் பார்க்கப் போய்விடுவாள். வாங்கப் போகிறவர்கள்தான் பார்க்க வேண்டும் என்று அங்கே சட்டமில்லை. மற்றவர்கள் சமையலறையைப் பற்றி விசாரிப்பார்கள். கார்மென், வீடு அந்த ஊர்ப் பள்ளிக்கூட எல்லைக்குள் வருகிறதா என்று கேட்பாள். எல்லைக்குள் வீடிருந்தால்தான் அந்தப் பள்ளியில் இடம். மகள் ஜனீனுக்காக ஒருமுறை தலைமையாசிரியரிடம் கெஞ்சியும் பார்த்தாள். தண்டவாளத்தைத் தாண்டிப் பிள்ளைகளை எடுப்பதில்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். ஜனீன் இந்தப் பக்கமே படித்து, நர்ஸாகி, பெர்த்துக்குப் போய்விட்டாள். அவளுக்கு ஒரு குறையுமில்லை. அம்மாவுக்குத்தான் ஆறவில்லை.

பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கணவன் சென்சு ஓய்வு பெற்றதும், வீட்டை விற்றுவிட்டுச் சின்னதாக வேறு பார்க்கலாம் என்றான். தரகன் பிராட் இரண்டு ஊரையும் எடைபோட்டுச் சொன்னான்: முதலீட்டுக்குக் கூப்பர்ஸ் ஃபிளாட், விலை இனிமேல்தான் ஏறும், பிள்ளை குட்டிக்காரர்களுக்கு ஆர்டன்லீ, அங்கே பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்துத்தான் விலை.

"நமக்கெதுக்கு ஸ்கூலு? நீ திரும்ப ஒண்ணாங்கிளாஸ்ல சேரப் போறியா?" என்றான் சென்சு.

"சேத்துக்கிட்டா சேருவேன்."

ஆர்டன்லீ பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஒரு வீட்டைப் பிராட் ஏலத்துக்குக் கொண்டுவந்தான். ஏலம் அந்த வீட்டு வாசலிலேயே, நடுத்தெருவில் நடந்தது. அக்கம்பக்கத்தார் காப்பிக் கோப்பையோடு வேடிக்கை பார்த்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு ஜோடி கடைசிவரை விடாமல் கேட்டு, பிறகு நிறுத்திக்கொண்டது. சென்சு கேட்டதே அதிகம். ஆனாலும் வீட்டுக்காரர் நினைத்த விலை வரவில்லை. அப்படியானால் அதிகம் கேட்டவரைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டுப் பேசுவார்கள். அந்த ஜோடி கிளம்பாமல் வாசல் கேட் அருகே நின்றது.

கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால் முடித்துவிடலாம், இல்லையென்றால் வெளியே நிற்பவர்களைக் கூப்பிடுவேன் என்றான் பிராட். கார்மென் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்தப் பெண் குழந்தையைத் தோளில் தட்டியபடி பள்ளிக்கூடத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், சின்னஞ்சிறுசுங்க. அவங்களுக்கு விட்டுருவமா?" என்றான் சென்சு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"நானும் அவளை மாதிரி நின்னவதான். எனக்கு யாரு விட்டாங்க?"

விலையை ஏற்றிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். பிராட் வெளியே போய் ஏதோ சொல்ல, அந்த ஜோடி காரை நோக்கி நடந்தது.

கார்மென் பின்பக்கக் கதவைத் திறந்தாள். வேலிக்கு அப்பால் பள்ளி மைதானம், விடுமுறை நாளாதலால் வெறிச்சென்று கிடந்தது. சென்சு வந்து பக்கத்தில் நின்றதும் சொன்னாள்:

"ஜனீன் மணி அடிச்சப்புறம் கிளம்பினாக்கூட நேரத்துக்குப் போயிருப்பா."