பொது நாணயம் யாரிடம் இருக்கிறது?

ஒஸ்லோவில் தமிழ் வானொலி ஒன்று எனக்கு அரை மணி நேரம் கொடுத்தது. அப்போது பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துக்கொண்டிருந்தேன். அயலில் சுவீடன், தன் குரோனாவை விட்டு யூரோவுக்கு மாறுவதா என்று வாக்கெடுப்பு நடத்தவிருந்தது. அதைவிடச் சுவையான சங்கதி உலகத்திலேயே இல்லை என்று நம்பினேன். நிலையப் பொறுப்பாளர் நம்பவில்லை. நேயர்கள் யாரும் அழைக்காவிட்டால் அடுத்த கிழமை அந்த அரை மணி சினிமாப் பாட்டுக்குப் போய்விடும் என்றார். கூடவே, நல்ல தமிழில் பேச வேண்டும் என்றும் சொல்லிவைத்தார்.

ஆகவே யூரோ என்ற சொல்லையே தொடாமல், 'நமக்குப் பொது நாணயம் தேவையா?' என்று கம்பீரமாகக் கேட்டுவிட்டு, விளக்கம் பிறகு, முதலில் நேயர் கருத்து என்றேன்.

உடனே மணி அடித்தது. லில்லெஸ்ட்ரோமிலிருந்து ஒருவர்.

"தம்பி, பொது நாணயம் நல்ல விசயம்தான். ஆனா அது இப்ப ஆரிட்ட இருக்கு?"

எடுத்த எடுப்பிலேயே ஐரோப்பிய மத்திய வங்கியைப் பற்றிய கேள்வி! எனக்குப் புல்லரித்தது. இப்போதைக்கு ஜேர்மனியில், பிராங்பேர்ட்டில் இருக்கிறது என்றேன்.

"ஓம், ஜேர்மன்காரரிட்ட இருக்கும்தான்," என்று பெருமூச்சு விட்டு வைத்துவிட்டார்.

அடுத்தவர் திராமன் நகரத்துக்காரர். நாணயம் என்று ஒன்று இருந்திருந்தால் தங்கள் விளையாட்டுக் கழகம் இரண்டாக உடைந்திருக்காது என்றார். நாணயக் கொள்கைக்கும் உதைபந்தாட்டத்துக்கும் உள்ள தொடர்பை நான் எந்த நூலிலும் படித்ததில்லை, குறித்துக்கொண்டேன். மூன்றாமவர் கழகத்தை உடைத்தவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கவே, பொறுப்பாளர் இணைப்பைத் துண்டித்தார். பிறகு ஒரு தாளில் எழுதி, எங்களுக்கு நடுவே இருந்த கண்ணாடியில் பிடித்தார்: 'நாணயம் எண்டு சனம் நேர்மையைப் பற்றிக் கதைக்குது.'

தொலைபேசியில் எல்லா விளக்குகளும் மினுங்கின. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் அரை மணி தப்பியது. ஆனால் மூன்று நாள் நூலகத்தில் குந்தியிருந்து எடுத்த குறிப்புகள் மடியில் கிடந்தனவே! நான் கேட்டது காசைப் பற்றி, யூரோவைப் பற்றி என்று சொல்லிவிட்டேன். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சுவீடனின் ஆளுங்கட்சி தனக்குள்ளேயே பிளந்து நிற்பதை நான் உருகி உருகி விளக்கிக்கொண்டிருக்க, கண்ணாடிக்கு அப்பால் பொறுப்பாளர் பாட்டுத் தட்டுகளைக் கிளறத் தொடங்கினார்.

பிறகு ஒற்றை விளக்கு எரிந்தது. எல்லிங்ஸ்ருட்டிலிருந்து ஓர் அக்கா.

"தம்பி, சுவீடன் யூரோவுக்கு மாறினா எல்லையில ஆட்டிறைச்சி விலை ஏறுமோ? நாங்கள் அங்கை போய்த்தானே வாங்கிறனாங்கள்."

அதை ஒருவராலும் சொல்ல முடியாது என்றேன். ஆனால் இங்கே ஏன் இவ்வளவு விலை என்று சொல்ல முடியும். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. தன் விவசாயிகளைக் காப்பாற்ற வெளிநாட்டு இறைச்சிக்கு வரி போடுகிறது. உலக வணிகப் பேச்சுவார்த்தைகளில் அந்த வரிக்காகத்தான் மல்லுக்கட்டுகிறது.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே," என்றார் அக்கா.

விளக்குகள் மறுபடி மினுங்கின. நேரம் முடியும்வரை ஆட்டிறைச்சிதான்.

வெளியே வந்ததும் பொறுப்பாளர் அடுத்த கிழமைத் தலைப்பைக் கேட்டார். உலக வணிகப் பேச்சுவார்த்தை, அது முறியும் போலிருக்கிறது என்றேன். இலங்கைச் சமாதானப் பேச்சுவார்த்தைக்கு நோர்வே நடுவராக நின்ற காலம் அது. அவர் முகம் மாறியது.

"பேச்சுவார்த்தை முறியுது எண்டு மட்டும் தொடங்கிப் போடாதையும். சனம் மிச்சத்தைக் கேக்காது."

என் பேனையை வாங்கித் தாளில் அவரே தலைப்பை எழுதினார்: 'ஆட்டிறைச்சி ஏன் விலை கூட? இரண்டாம் பகுதி.'