அப்பாவுக்காகக் கட்டிய காப்பு

தம்பியைக் காப்பு கட்டச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் எத்தனை நியாயம் பேசினாலும் இதை மறந்துவிடாதீர்கள்.

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் டீச்சர். தீமிதியில் கால் ஏன் சுடுவதில்லை என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் போட்டு விளக்கியவள். தணல் மேல் படியும் சாம்பல் சூட்டைச் சீக்கிரம் கடத்தாது, பாதம் தணலில் படுவது ஒரு நொடிதான், அவ்வளவுதான் சங்கதி என்று முடித்துவிடுவேன். "அப்போ சாமி இல்லையா டீச்சர்?" என்று எவளாவது எழுந்து கேட்டால், "அது வேற பாடம், உட்காரு" என்பேன். வகுப்பே சிரிக்கும். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்களே, என் கதை அதைத் திருப்பிப் போட்ட மாதிரி.

எங்கள் ஊர் வல்லத்துக்குப் பக்கத்தில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுகிற சின்ன ஊர். அப்பா தம்பி குடும்பத்தோடு அங்கேதான் இருந்தார். அம்மா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அந்தச் சித்திரையில் அப்பாவுக்கு இருமல் நிற்காமல் போகவே, விழுப்புரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நுரையீரலில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். டாக்டர் சின்னப் பெண், நல்ல மாதிரி. என்னைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்து, "வீட்டுக்கு அழைச்சிட்டுப் போயிடுங்கம்மா. வலிக்கு மருந்து எழுதித் தர்றேன். அவர் ஆசைப்படறதைக் கொடுங்க" என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே தம்பிக்குப் போன் போட்டேன். ஊரில் திரௌபதி அம்மன் கோயிலில் அன்றைக்குக் கொடி ஏற்றியிருந்தார்கள். தீ மிதிக்கிறவர்களுக்கு மறுநாள் காப்புக் கட்டு. மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் பத்து நாள் கோயில்தான் வீடு. ஒருவேளைச் சாப்பாடு, வெறும் தரையில் படுக்கை. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சொந்த வீட்டுப் படி ஏறக் கூடாது. குடும்பத்தில் சாவு விழுந்தால் தீட்டு. காப்பை அறுத்துவிட வேண்டியதுதான், வேண்டுதலும் அதோடு போயிற்று.

"நீ அப்பாவுக்காகக் காப்பு கட்டிக்கோடா" என்றேன்.

"எனுக்கும் அப்டித்தான் தோணுச்சிக்கா. ஆனா அப்பாகூட யாரு இருக்கிறது?"

"ஸ்கூல் லீவுதான். நான் இருக்கேன்."

"நடுவுல ஏதாச்சும் ஆயிடுச்சின்னா?"

"வாயைக் கழுவு. அப்டி ஆவக்கூடாதுன்னுதான் கட்டிக்கச் சொல்றேன்."

எனக்கு ஆறு வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது அப்பா இதே கோயிலில் மிதித்தார். நான் பிழைத்தேன். திண்டிவனத்தில் ஊசியும் போட்டார்கள், கீழாநெல்லியும் அரைத்துக் கொடுத்தார்கள். வீட்டில் யாரும் அதைப் பேசமாட்டார்கள், மிதித்ததைத்தான் பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். டாக்டர் கையை விரித்த இடத்தில் என் பி.எஸ்ஸி., பி.எட். எல்லாம் எங்கே ஓடி ஒளிந்ததோ தெரியவில்லை.

வீட்டில் அப்பாவின் கட்டிலைத் தெருப்பக்கத்து ஜன்னலை ஒட்டிப் போட்டோம். தம்பி தினமும் காலையில் குளித்துவிட்டு, ஈர மஞ்சள் வேட்டியோடு வந்து தெருவில் நிற்பான். ஜன்னல் கம்பி வழியே இருவரும் பார்த்துக்கொள்வார்கள். முதல் இரண்டு நாள் அப்பாவுக்கு நல்ல நினைவு. "மிதிக்கும்போது கீழ பாக்காத. கோபுரத்தைப் பாத்துக்கினே ஜல்தியா நட" என்று யோசனைகூடச் சொன்னார். அவன் தலையாட்டிக்கொண்டு போவான். நானும் கஞ்சி காய்ச்சிக்கொண்டே, இந்த மனிதரா போகப்போகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

நான்காம் நாளிலிருந்து நினைவு தடுமாறியது. காப்பு, கோயில் எல்லாம் மறந்துபோய்விட்டது. மகன் தெருவில் நிற்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"உள்ள வாடா" என்றார்.

"வர்றேம்பா. மிதிச்சிட்டு வந்துடறேன்."

"இன்னாடா இது, மூணாவது மனுசன் மாதிரி தெருவுல நிக்கிற? நான் உனுக்கு இன்னா பண்ணேன்?"

தம்பி துண்டை வாயில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டான். அப்பா என் பக்கம் திரும்பி, "அவனுக்கு எம்மேல இன்னா கோவம் பாப்பா?" என்று கேட்டார். கோபமில்லை, உங்களுக்காகத்தான் காப்பு கட்டியிருக்கிறான் என்று சொன்னேன். சரி என்பார். கால்மணி நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்பார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருமுறை எரிச்சலில் கத்திவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும்.

எட்டாம் நாள் மூச்சு விட முடியாமல் திணறினார். மாத்திரை உள்ளே இறங்கவில்லை. விலா எலும்புகள் ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்தபடி நானும் தம்பி மனைவியும் மாறி மாறி விசிறிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்தாள். என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்:

"உயிரு போவ முடியாம கெடந்து அல்லாடுது பாரு. மவன் கட்டின காப்பு இழுத்துப் புடிச்சிக்கினு இருக்குது. அவனை அறுக்கச் சொல்லுடியம்மா. மனுசன் நிம்மதியா போவட்டும்."

வேறு நாளாக இருந்தால் அவளிடம் சண்டைக்குப் போயிருப்பேன். அன்றைக்கு அது எனக்கு வேத வாக்காகப் பட்டது. காப்பு உயிரைக் காக்கும் என்று நம்பினால், காப்பு உயிரை விடாது என்பதையும் நம்பித்தானே ஆகவேண்டும்? செருப்புக்கூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினேன். தம்பி மற்றவர்களோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். எட்டு நாள் பட்டினியில் கண் உள்ளே போயிருந்தது. தனியாகக் கூப்பிட்டேன்.

"அறுத்துடுடா. அறுத்துட்டு வந்து அப்பா பக்கத்துல உக்காரு. அவரு உன்னைத்தான் கேக்கறாரு."

"இன்னாக்கா பேசற? அறுத்தா அப்பா செத்துப்பூடுவாரு."

"அவரு படற பாட்டை நீ பாக்கல."

"தெனம் பாக்கறேன். உன்னைவிட நல்லாவே பாக்கறேன்" என்றான். "ரெண்டே நாளுதான். திரௌபதி அம்மா கைவுட மாட்டா. நீதான கட்டிக்கச் சொன்ன? இப்போ நீயே வந்து அறுன்னு சொல்றியே, உனுக்கு இன்னா பைத்தியமா?"

அவன் மணிக்கட்டில் அந்தக் கயிறு கறுத்துப்போய் இருந்தது. நானே பிடித்து அறுத்துவிடலாமா என்று கை பரபரத்தது. கை நீளவில்லை. பயம். எதற்குப் பயந்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. திரும்பி வந்துவிட்டேன்.

தீமிதி அன்று மதியத்திலிருந்தே ஊர் முழுக்கக் கோயில் மைதானத்துக்குப் போய்விட்டது. தம்பி மனைவி பால்குழிக்குப் பால் எடுத்துக்கொண்டு போனாள். தணலைத் தாண்டியதும் காலை வைப்பதற்குப் பால் ஊற்றி வைக்கிற குழி அது. வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை அனலாகக் கொதித்தது. நான்கு மணி வரைக்கும் அப்பா தம்பியின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். சத்தமில்லை, உதடுதான் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. நாலரை மணிக்கு ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன். நான் ஒரு குரல் கொடுத்தால் போதும், மைக்கை நிறுத்திவிடுவார்கள். பிணத்தை எடுக்கும்வரை ஊரில் தீ இறங்க முடியாது. நூறு பேர் பட்டினி கிடக்கிறார்கள். அது கிடக்கட்டும். தம்பியின் காப்பு அறுந்துபோகும். அப்பா பக்கத்திலும் இல்லாமல், வேண்டுதலும் நிறைவேறாமல், அவனுக்கு இரண்டும் கெட்டதாகிவிடும். ஒன்றாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கதவையும் ஜன்னலையும் சாத்தினேன்.

தலையைச் சுற்றித் துணி கட்டினால் தெரிந்துவிடும். அதனால் அப்பாவின் வாய் திறந்துகொள்ளாமல் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம். வெளியே பம்பை அடிப்பது கேட்டது. "கோவிந்தா, கோவிந்தா" என்று கூட்டம் கத்தியது. ஒருவேளை நான் தப்பாகப் பார்த்துவிட்டேனோ, மிதித்து முடித்ததும் மூச்சு வந்துவிடுமோ என்றெல்லாம் நினைத்தேன். அறிவியல் பாடம் எடுக்கிற நான்தான் இப்படி நினைத்தேன். தாயே, எழுப்பிவிடு, எழுப்பிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அந்தப் புழுக்கத்தில் அவர் உடம்புச் சூடு குறையவே இல்லை. அது வேறு எனக்கு ஆசை காட்டியது.

மிதித்த கையோடு பூசாரி காப்பை அவிழ்த்துவிடுவார். தம்பி ஓடிவந்த சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். காலெல்லாம் பாலும் சாம்பலும். நொண்டிக்கொண்டே உள்ளே வந்தான். முகம் மட்டும் பூரித்திருந்தது. "மிதிச்சிட்டேம்பா" என்று குனிந்து, கையில் கொண்டுவந்த சாம்பலை அப்பா நெற்றியில் பூசினான். பிறகு கன்னத்தைத் தொட்டான். தொட்டவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"இப்போதான்டா" என்றேன். "நீ உள்ள காலை வெச்ச, அவரு போயிட்டாரு. உன்னைப் பாக்கத்தான் இருந்தாரு."

அதன் பிறகுதான் நான் அழுதேன். சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். மவன் வர்றவரைக்கும் உயிரைக் கையில புடிச்சிக்கினு இருந்தாரே என்றார்கள். தம்பி அதைக் கேட்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான். நான் சொன்ன பொய்யிலேயே நல்ல பொய் அதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

மறுநாள் சுடுகாட்டில் தோளில் குடத்தோடு அவன் சுற்றிவந்தபோது எல்லாரும் அவன் பாதத்தைப் பார்த்துவிட்டார்கள். இரண்டு பாதத்திலும் கொப்புளம். எங்கள் பக்கத்தில் தீயில் கால் சுட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சுத்தமில்லாமல் இறங்கியிருக்கிறான். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. காப்போடு இருக்கும்போது வீட்டுக்கு வந்தானா என்று பெண்கள் தம்பி மனைவியிடமே கேட்டார்கள். மகன் செய்த தப்பில் அப்பன் உயிர் போயிற்று என்று ஒருவர் டீக்கடையில் சொன்னாராம். சாம்பல் சரியாகப் படியாத இடத்தில் மிதித்திருப்பான், அவ்வளவுதான். இதை நான் அவனிடம் பலமுறை சொன்னேன். அவன் காதில் ஏறவில்லை.

ஒரு வருடத்தில் ஆள் பாதியாகிவிட்டான். தாடி வளர்த்தான். டீ குடிப்பதை விட்டான். காப்பின் ஐந்தாம் நாள் பசி தாங்காமல் யாருக்கும் தெரியாமல் ஒரு டீ குடித்தானாம். அந்த ஒரு கிளாஸ் டீதான் அப்பாவைக் கொன்றுவிட்டது என்று அவனாகவே கண்டுபிடித்துவிட்டான். மறுவருடம் காப்புக் கட்டப் போனபோது, இந்த வருசம் வாணாம், அடுத்த வருசம் பாக்கலாம் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து நேராக பைக்கில் திண்டிவனத்துக்கு, என் வீட்டுக்கு வந்தான். சாப்பிடவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

"நான் ஒழுங்கா இருந்திருந்தா அப்பா பொழைச்சிருப்பாருக்கா" என்றான். "அம்மா எனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் பண்ணா. நான் வர்ற வரைக்கும் அவரை நிறுத்தி வெச்சா. அது இல்லைன்னா நானும் எங்கனா போய் வுழுந்திருப்பேன்."

அவன் இரண்டாவதாகச் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை. முதலில் சொன்னதுதான் என்னைக் குடைந்தது. செய்யாத தப்புக்கு இந்தப் பிள்ளை சாகிறானே, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று துடித்தேன்.

"தப்பு உன்னுதில்லடா. நீ தீ எறங்கறதுக்கு முன்னாடியே அப்பா போயிட்டாரு. நாலரைக்கே போயிட்டாரு. நான்தான் மறைச்சிட்டேன். தீட்டோட உன்னை எறக்கிவுட்டவ நான். அதான் கால் சுட்டுச்சி. ஒரு டீக்கு அம்மா கோச்சிக்குவாளா? பாவமெல்லாம் எனுக்குத்தான், உனுக்கு ஒண்ணுமில்ல."

அறிவியல் டீச்சர் சொன்னதைக் கேட்டீர்களா? அதை நம்பித்தான் சொன்னேன். அவன் நிம்மதியாக மூச்சு விடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தான்.

"அப்போ அவரு எனுக்காகக் காத்துக்கினு இல்லையா?"

ஏதாவது சொல்லியாக வேண்டும். பொய் இனிமேல் வேண்டாம், உண்மையிலேயே ஒரு நல்லதைச் சொல்வோம் என்று தேடினேன்.

"நாலு மணி வரைக்கும் உம்பேரைத்தான்டா கூப்புட்டுக்கினு இருந்தாரு" என்றேன்.

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.