பொருத்தனையில் போன கிடார் பெட்டி

என் மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது நான் ஒரு கிடார் ஆம்ப் வாங்கினேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது. கைக்குழந்தைக்காரி வாங்கும் பொருளா இது என்று அப்போது கேட்டவர்களின் குரலில்தான் எனக்கு இப்போதும் யோசிக்க வருகிறது. பிரசவத்துக்கு முன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். வேலையை விட்டபோது கைக்கு வந்ததில் குழந்தைக்குக் கொலுசு, மாமியாருக்குப் புடவை, கணவருக்கு வாட்ச் என்று எல்லாம் வாங்கி முடித்த பிறகு, மிஞ்சியதில்தான் வாங்கினேன். வரிசையைக்கூட சரியாகத்தான் வைத்திருந்தேன்.

கல்லூரிக் காலத்து எலெக்ட்ரிக் கிடார் ஒன்று என்னிடம் இருந்தது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி இல்லாவிட்டால் அது கொசு ரீங்காரம் போலத்தான் கேட்கும். நான் வாங்கியது மாடலிங் ஆம்ப் என்ற வகை. விலை உயர்ந்த பெரிய ஆம்ப்களின் ஒலிகளை ஒரு சின்னப் பெட்டியே அப்படியே நடித்துக் காட்டும். ஒரு குமிழை இந்தக் கோடியில் வைத்தால் தெளிந்த தண்ணீர் மாதிரி ஒலி. அந்தக் கோடிக்குத் திருப்பினால் லாரி என்ஜின் கரகரப்பு. இன்னொரு குமிழில் எதிரொலி. மலிவான பொருள்தான். விஷயம் தெரிந்தவர்கள் கேட்டால் நடிப்பு என்று உடனே சொல்லிவிடுவார்கள். எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை.

நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. பக்கத்து வீட்டுக்காரர் ரோலிங் மில்லில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குவார். நடுவில் ஒற்றைச் சுவர். அதனால் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டுதான் வாசிப்பேன். அதைச் செருகினால் பெட்டியின் ஸ்பீக்கர் அடங்கிவிடும். மதியம் குழந்தை தூளியில் தூங்கும்போது, கரண்ட் இருந்தால், அரை மணி நேரம். எதிரொலிக் குமிழைக் கொஞ்சம் ஏற்றினால் பத்துக்குப் பத்து அறை காதுக்குள் விரிந்துகொண்டே போகும். அடுப்பும் சிலிண்டரும் கொடியில் குழந்தைத் துணிகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். இதைப் பற்றி யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. என்னவென்று சொல்லியிருப்பேன் என்றும் தோன்றுகிறது.

அன்று காலையிலேயே அவளுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. மருந்து கொடுத்தேன். மதியம் தூங்கினாள். தொட்டுப் பார்த்தபோது சூடு தணிந்த மாதிரி இருந்தது. மாதிரி என்றுதான் சொல்ல முடிகிறது. பிளக் பாயின்ட் எதிர்ச் சுவரில் இருந்ததால் தூளிக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். கடைக்குப் போயிருந்த மாமியார் வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். திரும்பினேன். குழந்தையின் கண் மேலே செருகியிருந்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

ஆட்டோவில் போகும் வழியெல்லாம் ஒரே ஜெபம்தான் வாயில் வந்தது. "ஆண்டவரே, எத வேணா எடுத்துக்கோ. இவள மட்டும் குடுத்துடு." சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்தில் மாமியார் இருந்தார்.

காய்ச்சல் சட்டென்று ஏறும்போது சில குழந்தைகளுக்கு வலிப்பு வரும் என்றும், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாலும் வந்திருக்கும் என்றும் டாக்டரம்மா சொன்னார். அதை மாமியாரிடமும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் ஆரம்பித்தார்.

"டாக்டருக்கு இன்னா, சொல்லிட்டுப் போவாங்க. கொயந்த எவ்ளோ நேரமா இஸ்துக்கினு கெடந்துச்சோ. காதுல கொப்பரைய மாட்டிக்கினு கச்சேரி பண்ணா, பெத்தது கத்தறது எங்க கேக்கும்?"

"இல்ல அத்தை, அஞ்சு நிமிஷம்கூட..."

"கடியாரம் பாத்துக்கினு இருந்தியா?"

பார்க்கவில்லை.

எங்கள் சபையில் நோயிலிருந்து பிழைத்தவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வார்கள். கஷ்டத்தில் ஆண்டவருக்கு ஏதாவது தருவதாக வாக்குக் கொடுத்திருந்தால், அந்தப் பொருத்தனையையும் அப்போதே எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் பேத்தியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"சாவக் கெடந்த கொயந்தைய கர்த்தர் திருப்பிக் குட்த்தாரு. ஆட்டோல போவும்போதே எம் மருமவ பொருத்தனை பண்ணிக்கினா, அந்தக் கிடாரு பொட்டிய சபைக்குக் குடுத்துடறேன்னு."

எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். பாஸ்டர் என்னைப் பார்த்தார். "சந்தோஷமா குடுக்கிறீங்களா, சிஸ்டர்?"

நான் பெட்டி என்று சொல்லவே இல்லை. எதை வேண்டுமானாலும் என்றுதான் சொன்னேன். ஆனால் அந்தப் பெட்டியும் கிடாரும் தவிர அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது வேறு என்ன? மாமியார் பொய் சொன்னாரா, நான் முடிக்காமல் விட்ட ஜெபத்தை முடித்துவைத்தாரா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. உறுதியாகத் தெரியாதபோது நான் எப்போதும் சரி என்றுதான் சொல்வேன். "சந்தோஷமா குடுக்கறேன், பாஸ்டர்."

கணவர் பெட்டியை பைக் டேங்க் மேல் வைத்து எடுத்துப் போனார். கிடார் என்னிடமே இருந்தது. "எல்லார் எதிர்லயும் சொல்லிட்டாங்களே, நான் இன்னா பண்ணட்டும்?" என்றார் கணவர். நல்ல மனிதர்தான். இந்த வாக்கியத்துக்கு மேல் அவர் போனதில்லை.

சபையில் கிடார் வாசிப்பவர்கள் யாரும் இல்லை. அதனால் பெட்டியோடு என்னையும் கூப்பிடுவார்கள் என்று நப்பாசை இருந்தது. கூப்பிடவில்லை. சபையிலிருந்த மலிவு மைக்கின் செருகுமுனையும் கிடார் ஒயரின் செருகுமுனையும் ஒரே தடிமன். பிரசங்க மைக்கை அதில் செருகிவிட்டார்கள். யாரோ குமிழைத் திருப்பிவைத்திருக்க, வேதாகமத்திலிருந்து சங்கீதம் வாசித்த பாஸ்டரின் குரல் ஜல்லி அரைக்கும் இயந்திரத்திலிருந்து வந்தது. ஆராதனை முடிந்ததும் மைக் பார்க்கும் அண்ணனிடம் போனேன். அவர் ஒரு ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன்.

"அண்ணா, இது மைக்குக்கு இல்ல. கிடாருக்கு மட்டும்தான்."

"ஆம்ப்ளிஃபயர்தான சிஸ்டர்? சவுண்டு வருதில்ல?"

"வருது. ஆனா ஸ்பீக்கர் தாங்காது."

"கர்த்தர் தாங்குவாரு, சிஸ்டர்" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். கொடுத்த பிறகும் கண் அங்கேயே இருக்கிறது பார் என்று ஒருத்தி என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அது உறுமுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதத்தில் தெருமுனைக் கூட்டம் ஒன்றில் முழு சத்தம் வைத்து ஸ்பீக்கரைக் கிழித்தார்கள். ஒரு சனிக்கிழமை அந்த அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"பேஜாரு புட்ச்ச பொட்டி, சிஸ்டர். உள்ள கிய்ஞ்சிபோச்சு. உங்களாண்டயே குட்த்துரச் சொன்னாரு பாஸ்டரு."

மாமியார் உள்ளேயிருந்து வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "கர்த்தருக்குக் குட்த்தத ஊட்டுக்குள்ள எடுத்தாரலாமான்னு நீயே சொல்லு. படிச்சவ. நாளைக்கு ஒண்ணுன்னா என்னியச் சொல்லாத."

கல்யாணமாகி வந்து மூன்று ஆண்டுகளில் முதல்முறையாக ஒரு முடிவை என்னிடம் விட்டிருந்தார்.

கிழிந்தது ஸ்பீக்கர்தான். ஹெட்ஃபோனுக்கு அது தேவையே இல்லை. செருகினால் அப்போதே வாசித்திருக்கலாம். நான் இதுவரை வாசித்ததெல்லாம் அப்படித்தான். இது எனக்கு மட்டும்தான் தெரியும். டாக்டரம்மா சொன்னதும் மறந்துவிடவில்லை. இடுப்பில் இருந்த குழந்தைக்கு இரண்டு நாளாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நெற்றியைத் தொட்டேன். சூடு இல்லை. மறுபடி தொட்டேன்.

"வேணாம்ணா. எடுத்துட்டுப் போயிடுங்க."

"எங்க கொண்டுபோய் போட்றது சிஸ்டர்?"

"எங்கயாவது."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியில் கட்டிக்கொண்டு போனார். மாமியார் சோறு வடிக்க உள்ளே போனார்.

மகளுக்கு இப்போது மூன்று வயது. வலிப்பு திரும்ப வரவில்லை. அவளுக்கு உடம்பு சுடும்போதெல்லாம் நான் செய்தது சரி என்று தோன்றும். சூடு இறங்கியதும் ஆத்திரம் வரும். சபையின் மேலும் மாமியார் மேலும் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரம்தான் நிற்கிறது. அன்று வாசலில் யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.